இடுப்பளவுச் சண்டையும் கார்டு பாக்கியும்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம், தனித்தனியாக. நீயும் உன் வீட்டுக்காரியும் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஏதாவது தேவையென்றால் இதற்குள் போன் வந்திருக்குமே!

விஷயம் இதுதான். நாங்கள் வாடகைக்கு இருக்கும் தையல்கடையை உரிமையாளர் விற்கிறார். நாங்கள் வாங்காவிட்டால் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் வாங்கி, நடுச்சுவரை இடித்து, எங்களை வெளியே அனுப்பிவிடுவார். கிரெடிட் கார்டுக்குப் பத்து வருஷமாக ஒழுங்காகக் கட்டுகிறவள் ஆயிற்றே என்று, கடன் கேட்க வங்கிக்கு ராணி மாதிரி போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"போன மாசம் கட்டலையேம்மா. முப்பது நாளுக்கு மேல போயிடுச்சு, கடனுக்குப் பார்க்கிற கிரெடிட் ஸ்கோர் நல்லா இறங்கிடுச்சு."

"ஒரு கத்திரிக்கோல் வாங்கின காசு அது! பத்து வருஷம் கட்டினது கணக்குல வராதா?"

"வரும்மா. ஆனா நல்லா ஏறி நின்னவங்களுக்குத்தான் விழறதும் அதிகம். இனி தவறாம கட்டுங்க, மெல்ல ஏறிடும். அவசரம்னா பிணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

நடந்தது என்ன தெரியுமா? கார்டு என் பெயரில், செய்தி வருவது உன் மாமா போனுக்கு. அவர் சொல்வார், நான் கட்டுவேன். அந்த மாதம் பார்த்து, என் இடுப்பை டேப்பால் அளந்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது அளவைச் சத்தமாக வாசித்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் மூலமாகத்தான் எல்லாம், ஊசி நூல்கூட. கார்டு செய்தி வந்ததும், தைத்த பேன்ட்டை வாங்க வந்தவரிடம் "கார்டுக்குப் பணம் கட்டணும்" என்றாராம். வந்தவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "எங்கிட்ட கார்டே கிடையாதே" என்று தையல்கூலியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே மெஷினில் இருந்தேன்.

ஒழுங்காகக் கட்டியபோது ஒரு நாளும் ஒருத்தரும் கூப்பிட்டு மெச்சவில்லை, தம்பி. ஒரு முறை விட்டதும் கணினிக்கே தெரிந்துவிட்டது. மறந்தவளும் ஏமாற்றுகிறவளும் அதற்கு ஒன்றுதான் போல. அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

ஆகவே நீ உடனே வந்து பிணைக்கையெழுத்துப் போட வேண்டும். உன் வீட்டுக்காரி முறைத்தாலும் வா. அவளுக்கு என் அன்பு, மகளுக்கு முத்தம், உனக்கு ஆசீர்வாதமும் ஒரு குட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உன் மாமா இதை வாங்கிப் படித்தார். "நாம ஒரு மாசம் விட்டா, பிணை போட்டவன் பேர்லயும் விழும்டி. அவன் மக படிப்புக்குக் கடன் கேட்கப் போறான்" என்று, நடுவில் ஆள் வைக்காமல் என்னிடமே சொன்னார். ஆகவே கையெழுத்து வேண்டாம். கடையைச் செருப்புக்கடைக்காரரே வாங்கட்டும், மெஷினை வீட்டு முன்னறையில் போட்டுக்கொள்கிறோம். நீ சும்மா எங்களைப் பார்க்க வா. பேனா மட்டும் கொண்டுவராதே.