சனிக்கிழமைதோறும் தாத்தா

எங்கள் வம்சத்தின் மானத்தைக் காப்பாற்றுவது என்று நான் முடிவெடுத்தது சமையலறையில், வெண்டைக்காய்ப் பொரியல் முன்னால்.

"எண்ணெய் காயறதுக்குள்ள கடுகைப் போட்டுட்டியே கனகா" என்றேன். அவ்வளவுதான். ராமச்சந்திராபுரத்துப் பெரிய ஃபேக்டரியில், எதை எப்போது எங்கே போட வேண்டும் என்று நாலு பேருக்குச் சொல்லியே காலம் தள்ளியவன் நான். போன வருஷம் ரிடையர் ஆனேன். ஆனது நான்தான். வாய் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

கரண்டி நின்றது. என் மனைவி கனகவல்லி கரண்டியை நிறுத்தினால் நான் ஹாலுக்குப் போய்விடுவது வழக்கம். அன்று கால் கொஞ்சம் லேட்.

"உங்க தாத்தா மாதிரி நீங்களும் எங்கயாவது ஓடிப்போயிருக்கலாம்."

இந்த வசனம் எனக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து, உப்புக் குறைந்தாலும் தாத்தா, கரண்ட் போனாலும் தாத்தா. அவர் பெயர் வேதாசலம். அசலம் என்றால் அசையாத மலை. மலை அசைந்துவிட்டது. அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத்துக்குப் பிழைக்க வந்து, லாலாகூடா ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், ஒரு நாள் பெண்டாட்டியையும் பத்து வயசுப் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடிப்போனார். அந்தப் பிள்ளைதான் என் அப்பா. சாகும்வரை எந்த ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனாலும், வருகிற வண்டியைப் பார்க்காமல் இறங்குகிற முகங்களைத்தான் பார்ப்பார்.

"ஓடிப்போனார்னு நீ பார்த்தியா? மிலிட்டரில சேர்ந்திருக்கலாம். ஆக்சிடென்ட் ஆகியிருக்கலாம். நான் கண்டுபிடிக்கிறேன்."

"எப்போ?"

"சனிக்கிழமைதோறும் போய்த் தேடப் போறேன்."

கனகா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

துணைக்கு எட்வின். என்னோடு லாலாகூடா ரயில்வே ஸ்கூலில் படித்தவன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று மெட்டுகூடாவில் இருக்கிறான்.

"ஹவ் ரே, தேடலாம்" என்றான் போனில், ஊர் உருது கலந்து. "ஆனா அவசரம் நக்கோ, வேணாம். மெதுவா."

முதல் சனிக்கிழமை. ராமச்சந்திராபுரத்தில் பஸ் ஏறி செகந்திராபாத்தில் இறங்குவதற்குள் என் முதுகெலும்பில் பாதி உதிர்ந்துவிட்டது. ஒர்க் ஷாப்பின் பழைய ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். எல்லோருக்கும் வேதாசலத்தைத் தெரிந்திருந்தது. ஒருவர் அவரைக் கறுப்பு என்றார், ஒருவர் சிவப்பு என்றார். இன்னொருவர், "அவர் ஆந்திராக்காரர்தானே?" என்றார்.

அடுத்த வாரம் உப்பல். அங்கே ஒரு வேதாசலம் ஓடிப்போனது உண்மைதான் என்று எட்வின் துப்புக் கொண்டுவந்தான். போனோம். அவர் ஓடிப்போனது போன மாசம். "எங்கயாவது பார்த்தீங்களா சார்?" என்று அந்த வீட்டு அம்மாள் எங்களிடம் கேட்டார். ஆறுதல் சொல்லி, டீ குடித்துவிட்டு வந்தோம்.

மூன்றாவது வாரம் அல்வால். சின்ன வீடு, வாசலில் செம்பருத்தி. கதவைத் திறந்தவருக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும். என் அப்பா புடவை கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அதே காது. அதே நெற்றி.

"வேதாசலம்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பா" என்றார். "நான் மங்கையர்க்கரசி. உனக்கு அத்தை ஆகணும். உள்ள வாப்பா."

எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக எங்கள் குடும்பம் தேடிய மனிதர், எங்கள் பழைய லாலாகூடா வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

"எங்க பாட்டியை விட்டுட்டு ஓடி வந்து இங்க..."

"யாரு ஓடி வந்தது?" அத்தைக்குக் கோபம் வந்தது. "உங்க பாட்டி துரத்தி விட்டாங்க."

"என்னது?"

"எங்கப்பா நல்லவர்தான். வாய் மட்டும் ஓயாது. சமையல்கட்டுல போய் நின்னுகிட்டு, புளி கரைக்கிறது தப்பு, அரிசி களையறது தப்புன்னு சொல்லிட்டே இருப்பாராம். ஒரு நாள் உங்க பாட்டி, 'நாலு நாள் எங்கயாவது போய் இருங்க, காது ஆறட்டும்'னு வெளிய அனுப்பிக் கதவைச் சாத்திட்டாங்க. அக்கம்பக்கம் கேட்டப்ப என்ன சொல்றது? ஓடிப்போயிட்டார்னு சொல்லிட்டாங்க. ஊரே வந்து அழுதது. குழம்பு கொண்டுவந்து கொடுத்தது."

"தாத்தா திரும்பிப் போகலையா?"

"போனாரே! உங்க பாட்டி ஜன்னல் வழியாவே பேசினாங்களாம். 'நீங்க ஓடிப்போயிட்டீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். இப்ப வந்து நின்னா என் மானம் என்ன ஆகறது?'ன்னு."

எட்வின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"அந்த வெட்கத்துல ஒர்க் ஷாப்பையும் விட்டுட்டு இந்தப் பக்கம் வந்து சைக்கிள் கடை வெச்சார். எங்கம்மாவைக் கட்டிக்கிட்டார். அம்மாவுக்குக் காது மந்தம். குடும்பம் நல்லா நடந்தது."

அத்தை வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆனா உங்கப்பாவை மறக்கலைப்பா. ஸ்கூல் விடுற நேரத்துக்கு சைக்கிள்ல லாலாகூடாவுக்குப் போய், ஸ்கூலுக்கு எதிர்ல இருந்த வேப்பமரத்தடியில நிப்பாராம். பையன் போறதைப் பார்ப்பார். கூப்பிட மாட்டார். எப்படிக் கூப்பிடறது? ஓடிப்போனவராச்சே."

அப்பா ஸ்டேஷன் ஸ்டேஷனாக முகம் தேடியது நினைவுக்கு வந்தது. ஒரு தடவை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கலாம். என் கண் கலங்கிவிட்டது. அத்தை புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு வடை வைத்தார்.

பஸ் ஸ்டாப்பில் எனக்கு வேறொரு கவலை வந்தது. இதைக் கனகாவிடம் எப்படிச் சொல்வது? சமையலறையில் வாய் விட்டவரைப் பெண்டாட்டி வீட்டைவிட்டுத் துரத்தினாள் என்ற தகவல் அவள் கையில் கிடைத்தால், என் கதி?

"அப்ப சொல்லாதே ரே" என்றான் எட்வின். "இன்னும் கிடைக்கலைன்னு சொல்லு. சனிக்கிழமை வா. இரானி ஹோட்டல்ல உட்காரலாம். சாய் குடிக்கலாம். வீட்ல உனக்கு என்ன வேலை?"

எட்வினுக்கு இவ்வளவு மூளை எப்போது வந்தது என்று வியந்தேன்.

அதன்பின் என் வாழ்க்கையின் பொற்காலம். சனிக்கிழமை காலையில் புறப்படுவேன். செகந்திராபாத் இரானி ஹோட்டலில் எட்வினோடு சாயங்காலம் வரை சாய். வீட்டுக்குத் திரும்பும்போது அலைந்து களைத்த முகம். இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் அது தானாகவே வந்துவிடும்.

"ஏதாவது துப்புக் கிடைச்சுதா?" என்பாள் கனகா.

"போலாரம் பக்கம் பார்த்ததா ஒருத்தர் சொன்னார்."

"அடடா. அப்புறம்?"

"அங்கிருந்து காசிக்குப் போயிட்டாராம்."

"அப்ப தேடல் இப்போதைக்கு முடியாது போலிருக்கே!" அவள் முகம் மலர்ந்தது. என் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று நெகிழ்ந்துபோனேன். அடுத்த வாரத்திலிருந்து தயிர்சாதம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஊறுகாயோடு.

போன சனிக்கிழமை பேய்மழை. இரானி ஹோட்டலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நான் மத்தியானமே எழுந்தேன்.

"இரு ரே, இன்னொரு சாய்" என்று எட்வின் கையைப் பிடித்தான்.

"கணுக்கால் வரைக்கும் வந்தா அது சாய் இல்ல, சாக்கடை" என்று கிளம்பிவிட்டேன்.

சொட்டச் சொட்ட வீட்டுக் கதவைத் தள்ளினேன். ஹாலில் கனகா காலை நீட்டி சோபாவில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் மங்கையர்க்கரசி அத்தை. நடுவில் ஒரு தட்டு பஜ்ஜி.

"வாப்பா ரகு" என்றார் அத்தை. "காசியிலயும் மழையா?"

நான் குடையை மடக்கினேன். அது ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது.

"உனக்கு எப்படி..." என்று கனகாவைப் பார்த்தேன்.

"நீங்க தேடப் போறேன்னு சொன்ன அன்னிக்கே தமிழ் லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். பொரியல் இறக்கறதுக்குள்ள அத்தையே போன் பண்ணிட்டாங்க."

"அப்ப நான் கண்டுபிடிச்சது?"

"எட்வின் அண்ணன்கிட்ட நான்தான் அட்ரஸ் கொடுத்தேன். ஆறு மாசம் இழுத்தடிங்கன்னு சொன்னேன். அவருக்கு முட்டி வலி, மூணே வாரத்துல கூட்டிட்டுப் போயிட்டார். அப்புறம்தான் இரானி ஹோட்டல் யோசனை கொடுத்தேன்."

"எதுக்கு கனகா இதெல்லாம்?"

அவள் கோபப்படவில்லை. சிரிக்கவுமில்லை. களைத்த குரலில் சொன்னாள். "வாரத்துல ஒரு நாள் கடுகு அது பாட்டுக்கு வெடிக்குதுங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

அத்தை ஆமோதித்துத் தலையாட்டினார். துவட்டிக்கொள்ள ஒரு துண்டை நீட்டினாள் கனகா. ஈரத்தலையோடு வம்சத்துக்கே பொதுவான அந்த வாயைத் திறந்து, "பஜ்ஜி கொஞ்சம் கருகிடுச்சு போல" என்றேன்.

அத்தையும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏங்க," என்றாள் கனகா ரொம்ப அன்பாக, "தாத்தாவுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார் இல்ல? அவரை ஞாயித்துக்கிழமைகள்ல தேடிப் பாருங்களேன்."