மடுல்சீமைக்குப் போன காரின் முன் சக்கரம்

கார் சத்தம் போட்டால் அது எதனால் என்று தனக்குத் தெரியாது எனச் சொல்லும் ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. கார் இல்லாதவர்களுக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த இரண்டாம் ரகம். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்டத் தெரியும், லைசன்ஸும் இருந்தது, கார்தான் இல்லை. மோட்டார் பழுதுபார்ப்பது பற்றி ஒரு தடித்த புத்தகத்தை நூலகத்தில் எடுத்து முக்கால்வாசி படித்திருந்தேன். (மீதிக் கால்வாசியில்தான் எனக்குத் தேவையானது எழுதியிருந்திருக்க வேண்டும்.)

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஆலையைக் கவனிக்கும் டீ மேக்கரின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடங்கள் தட்டிப் போயிருந்தன. முதல் இடத்தில் மாப்பிள்ளை மெலிவு என்றார்கள். இரண்டாவது இடத்தில் காரணம்கூடச் சொல்லவில்லை. ஆகவே இந்த முறை பஸ்ஸில் கசங்கி இறங்கக் கூடாது என்று அம்மா முடிவெடுத்தார். எங்கள் வீட்டுக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் கார் இரவல் கேட்டேன். ஆமை போல முதுகு வளைந்த பழைய இங்கிலீஷ் கார். நானா அதைத் தினமும் தானே துடைப்பார்.

சாவியைத் தரும்போது, "தம்பி, முன்னுக்கு ஒரு சத்தம் ஈக்கி. நாளண்டைக்கு பாஸ்கிட்ட காட்டப் போறன். மெதுவாப் போங்க. ஒண்டும் செய்ய வாணாம்" என்றார். பாஸ் என்றால் எங்கள் ஊரில் மெக்கானிக்.

பசறை தாண்டியதும் சத்தம் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு 'டொக்'. அந்தக் காலத்து மடுல்சீமை ரோட்டில் பள்ளங்களுக்கு நடுவேதான் ரோடு இருந்தது.

"என் காலுக்கு அடியிலதான்டா தட்டுது" என்றார் இடப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா.

"சாக் அப்சோபர் போல்ட் லூசா இருக்கும்மா. சின்ன விஷயம்."

"போய் இறங்குற எடத்துல இதெல்லாம் பேசிக்கிட்டு நிக்காத. ஒழுங்கா உட்கார்ந்து பொண்ணைப் பாரு."

டீ மேக்கர் ஐயா வாசலிலேயே நின்றார். கோட்டு, கழுத்துவரை பூட்டிய சட்டை, நெற்றியில் திருநீறு. நாள் முழுக்க ஸ்டோர் என்கிற அந்த ஆலையில் மெஷின் சத்தத்தோடு வாழ்கிறவர். வணக்கம் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என் சம்பளத்தைப் பற்றியது அல்ல.

"தம்பி, முன்னுக்கு என்னமோ தட்டுதே?"

அம்மாவின் பார்வை என் முதுகில் குத்தியது. ஆனால் ஒரு வருங்கால மாமனார் தானாகவே பரீட்சை வைக்கும்போது எழுதாமல் எழுந்து போக முடியுமா?

"ஆமாங்க, எனக்கு அது என்னன்னு தெரியும். ஸ்பேனர் இருந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்."

"எந்தப் பக்கம் தட்டுது?"

"இடப் பக்கம்தாங்க. அம்மாவுக்கே நல்லாக் கேட்டுச்சு."

ஸ்டோரிலிருந்து ஸ்பேனர்களும் காரைத் தூக்கும் ஜக்கும் வந்தன. காருக்கு முன்னால் போய் நின்றேன். இடக்கைப் பக்கம் இருந்த சக்கரத்தை ஜக்கில் தூக்கினேன். புத்தகத்தில் சொன்னபடி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. (அசையாத சக்கரம் என்றால் அங்கே கோளாறு இல்லை என்று அர்த்தம். அந்த அத்தியாயத்தைப் படித்தவன்தான் நான்.) ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து உள்ளே போனேன். அம்மா பெட்டி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையும் கூடவே வந்தது. ஒரு போல்ட் அரைச் சுற்று இளகியிருந்ததைக் கண்டுபிடித்து இறுக்கியபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தம், டிகிரி வாங்கியபோதும் ஏற்படவில்லை. அந்த நேரத்தில்தான் பெண் தேநீர்த் தட்டோடு வெளியே வந்திருக்கிறாள். அவள் கண்ட மாப்பிள்ளை, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வெளியே வந்து, கிரீஸ் அப்பிய முகத்தோடு வாசலிலேயே காரை ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினேன். சமதரை. சத்தமே இல்லை.

"வாங்கய்யா, ரோட்டுல ஒரு சுத்துப் போய்ட்டு வரலாம்" என்றேன். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு இடப் பக்கம் ஏறி உட்கார்ந்தார். அம்மா வரவில்லை. புத்திசாலி.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும் பள்ளமாக ஒரு பீலி. பகல் நிறுவை நேரம். கூடையோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். டீ மேக்கர் ஐயாவைக் கண்டதும் வரிசை நிமிர்ந்தது. நான் பீலியில் இறக்கினேன். 'டொக்' கேட்கவில்லை. அதற்குப் பதில், பாறையில் அண்டாவைப் போட்டது போல ஒரு சத்தம். கார் மண்டியிட்டது. இடப் பக்கத்து முன் சக்கரம் மடங்கி வெளியே சாய, அந்த மூலை தரையில் உட்கார்ந்தது. ஐயாவின் மூக்கு கண்ணாடிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

ஐயா மெல்ல இறங்கினார். சக்கரத்தைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"சத்தம் நின்னுருச்சு தம்பி" என்றார்.

அப்புறம்தான் வரிசை சிரித்தது. ஆனால் சிரித்த பெண்களே கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கல் பொறுக்கி வந்து கொடுத்தார்கள். ஆண்கள் காரைத் தூக்கிக் கல்லின் மேல் நிறுத்தினார்கள். "மாப்பிள்ளைக்கு அடி கிடி படலியே?" என்று ஒரு அம்மா கேட்டார். படவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கையாவது முறிந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. வந்த வீட்டிலேயே தங்கினோம். மாமனாராகப் போகிறாரா என்று தெரியாத மனிதரின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் பின்பக்கக் குழாயடியில் நின்று கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடமும் போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண் மண்ணெண்ணெய் தோய்த்த துணியோடு வந்தாள். பெயர் புனிதா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள்.

"சத்தம் இடப் பக்கம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் வலப் பக்கத்தைத் தூக்கினீங்க?"

"இல்லியே, இடப் பக்கம்தான் பார்த்தேன்."

அவள் எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "நான்தான் காருன்னு வச்சுக்குங்க. என்னைப் பார்த்துதானே நின்னீங்க? இப்ப என் இடக்கை எது, காட்டுங்க."

என் இடக்கையை நீட்டினேன். அது நேராக அவள் வலக்கைக்குப் போய் நின்றது. எனக்குப் புரிந்த அதே நொடியில் அம்மா சமையலறைக் கதவைத் திறந்தார். அவர் கண்டது, சாரம் கட்டிய மகன் பெண்ணின் கையைப் பிடிக்கப் போவதைத்தான். இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நான் வாசலுக்கு வந்து, நீங்க செய்றது தப்புன்னு சொல்ல முடியுமா?" என்றாள். பிறகு துணியை என் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே சொல்றேன்" என்றாள்.

அதுதான் சம்மதம் என்பது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. ஒடிந்த துண்டைப் பண்டாரவளையில் ஒரு பட்டறையில் கடைந்து எடுக்கவேண்டி வந்தது. தலை குனிந்து நின்ற என்னைப் பார்த்து காசிம் நானா, "நான் மூணே வார்த்தைதானே தம்பி சொன்னன்" என்றார். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார், பஸ்ஸில்.

புனிதா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தவறாமல் சொல்லி வருகிறாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். நான் யாருக்காவது வழி சொன்னால், "அப்பா, யாரோட இடது?" என்பார்கள். போன மாதம் முழங்கால் வலிக்காக பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் புதிதாக வந்த பிள்ளை. எனக்கு நேர் எதிரே நின்று, "எந்தக் கால் ஐயா?" என்றார்.

"இடது" என்றேன்.

திரைக்கு வெளியிலிருந்து புனிதாவின் குரல் வந்தது: "டாக்டர், ரெண்டையும் பார்த்துடுங்க."