எழுநூறு ஆண்டு இடிக்கவில்லை, செருப்பு இடித்தது

திரையரங்கு வாசலில் ஒரு பலகை தொங்கும். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது, முன்னிருக்கை மேல் கால் வைக்கக் கூடாது. பலகை எழுதியவருக்கு அனுபவம் போதாது. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான ஒன்று தினமும் நம்மோடு வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, பையைச் சோதிப்பவரிடம் பணிவாகப் பையைத் திறந்து காட்டி, அவர் தலையசைத்ததும் கம்பீரமாக உள்ளே போகிறது. அதன் பெயர் லாஜிக் பார்ப்பவர்.

உங்களுக்கு அவரைத் தெரியும். நீங்கள் படம் பார்க்கப் போவீர்கள். அவர் படத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போவார். வரிசையின் நடு இருக்கையைத்தான் கேட்டு வாங்குவார், இரண்டு பக்கமும் கேட்க வேண்டுமே! விளக்கு அணைந்து கொஞ்ச நேரம் சாதாரண மனிதரைப் போலவே இருப்பார். பிறகு மூக்கிலிருந்து ஒரு 'ம்ஹும்' வரும். உடம்பு மெல்ல நம் பக்கம் சாயும். அடுத்து வருவது அவர் இனத்துக்கே உரிய அந்த ஒரு சொல்: "இடிக்குதே!"

எது, எங்கே, எதன் மேல் இடிக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் இடைவேளை வரை தலையைத் திருப்ப முடியாமல் கழுத்துப் பிடிப்போடு வெளியே வந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். அம்மாவின் தம்பி, எங்களுக்குத் தாய்மாமா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கவைத்துச் சோதிக்கிறவர். நல்ல மனிதர், கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். ஆனால் குழந்தைக்கு நீங்கள் கதை சொல்லும்போது அவர் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நரி கரடிக்குக் கடிதம் எழுதியது என்றால் பேசாமல் இருப்பார். கடிதம் மறுநாள் போய்ச் சேர்ந்தது என்றால், "காட்டுல ஏது தபால் பெட்டி?" என்று வந்துவிடுவார். குழந்தை அழும். கரடி பாவம், கடிதத்தைப் பிரிக்காமலேயே இருக்கும்.

சொந்த வாழ்க்கையில் அவர் லாஜிக்கை அதிகம் செலவு செய்வதில்லை. அவருடைய ஸ்கூட்டருக்கு முன் சக்கரத்தில் ஒரு சங்கிலி, பின் சக்கரத்தில் ஒரு சங்கிலி. இரண்டுக்கும் சாவி வண்டியிலேயே தொங்கும். எல்லாவற்றையும் சினிமாவுக்கென்று சேமித்து வைக்கிறார் போலிருக்கிறது.

இப்படிப்பட்டவரோடு நாங்கள் போன படம் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிராமத்தைப் பற்றியது. எதிரிப் படை வருகிறது. ஊரே ஒரு பெரிய தானியக் கிடங்குக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. வெளியே சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறந்தால், வயலும் இல்லை, படையும் இல்லை. அது ஒரு லிஃப்டின் கதவு. இந்தக் காலத்து அலுவலகம் ஒன்றின் ஏழாவது மாடியில், ஆடும் கோழியும் அரிவாளுமாக ஊர்ச் சனம் மொத்தமும் இறங்கி விழித்துக்கொண்டு நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவன், கையில் காபியோடு அவர்களைத் தாண்டிப் போகிறபோது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "புது பேட்சா? ட்ரெய்னிங் அந்தப் பக்கம்" என்கிறான். அவர்களும் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். சாயங்காலம் வரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் கிராமத்துச் சனங்களில் ஒருத்தி எங்கள் அக்கா.

பகலில் ஜெராக்ஸ் கடையில் நின்று மற்றவர்களின் காகிதங்களைப் பிரதி எடுக்கிறவள், சாயங்காலம் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறாள். அப்படித்தான் இந்தப் படத்தில் வாய்ப்பு வந்தது. முகமெல்லாம் சேறு, தலையில் முக்காடு, இடுப்பில் யாருடைய குழந்தையோ. பெற்ற அம்மாவே புகைப்படத்தைப் பார்த்து, "இதுல நீ எதுடி?" என்று கேட்டாள். படம் முழுவதிலும் அவளுக்கு ஒரே ஒரு வசனம். அதைக் கேட்ட யாரோ அவளை அடுத்த படத்தில் பெரிய வேடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடை வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்த் தங்க வேண்டும்.

அப்பா பஸ் ஓட்டுநர். எதற்கும் முடியாது என்று சொல்கிறவர் அல்லர். அதைவிடக் கஷ்டமானவர், 'பார்க்கலாம்' என்று சொல்கிறவர். இந்த முறை அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "முதல்ல இந்தப் படத்தைப் பார்க்கிறேன். உனக்கு இது வருதா வரலையான்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் சொல்றேன். போகலாம்னா போகலாம். இல்லைன்னா கடையிலயே இரு."

ஆகவே அக்காவின் எதிர்காலம் ஒரே ஒரு வசனத்தில் இருந்தது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சரியான நேரத்தில் அவர் கையைத் தட்டிச் சொல்ல வேண்டும் என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். கிளம்புகிற நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"மருமக நடிச்ச படம், தாய்மாமன் இல்லாமலா?"

வந்தவர் திரையரங்கில் நேராகப் போய் அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"டேய், இன்னைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு உட்காருடா."

"நான் எங்கக்கா பேசுறேன்? படம்தான் என்னைப் பேச வைக்குது."

படம் தொடங்கியது. கிடங்கின் கதவு லிஃப்டின் கதவாக மாறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். அசையவில்லை. எழுநூறு ஆண்டுகளை ஒரே வாயில் விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அடடா, மாமா திருந்திவிட்டார் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் திரையில் ஒரு கிழவர் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ம்ஹும். அந்தச் செருப்பைப் பார்த்தீங்களா அத்தான்? மெஷின் தையல்! அந்தக் காலத்துல ஏது தையல் மெஷின்? இடிக்குதே!"

எழுநூறு ஆண்டு சறுக்கிக்கொண்டு உள்ளே போன தொண்டையில் ஒரு செருப்பு வார் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு எல்லாமே மாட்டிக்கொண்டது. கிராமத்து ஆட்கள் நம்மைப் போலவே பேசினார்கள். அந்தக் காலத்தில் இப்படியா பேசுவார்கள், இடித்தது. ஊர்த் தலைவர் மட்டும் பழைய தமிழில் நீளமாக ஒரு முறை பேசினார். ஒன்றுமே புரியவில்லையே, யாருக்காகப் படம் எடுத்திருக்கிறார்கள், அதுவும் இடித்தது. ஆடு கொழுத்திருந்தது, போர்க் காலத்தில் எப்படி? கோழி இளைத்திருந்தது, கிடங்கு நிறையத் தானியம் இருந்ததே, எப்படி?

முன்வரிசை இளைஞர் ஒருவர் திரும்பினார். "அண்ணே, கொஞ்சம் படம் பார்க்க விடுறீங்களா?"

"தம்பி, நான் படத்தைத்தான் பார்க்கிறேன். நீங்கதான் கதையைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

அந்த இளைஞர் பதில் தேடிக்கொண்டே திரும்பிக்கொண்டார். அவருக்கும் அந்தக் காட்சி போயிற்று.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கிராமத்தான், சுவரோரம் போன மின்கம்பியைப் பாம்பு என்று நினைத்து அரிவாளால் ஒரு போடு போட்டான். மாடி முழுவதும் இருட்டு. குழந்தைகள் தாகத்தில் அழுதன. அக்கா மாமாவைத் தாண்டிக் கையை நீட்டி அப்பாவின் தோளைத் தொட்டாள். "அப்பா, இப்பதான், இப்பதான்."

முக்காடு போட்ட ஒருத்தி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறாள். கையில் ஏதோ தட்டுப்படுகிறது. திருகுகிறாள். தண்ணீர் கொட்டுகிறது. குழந்தைக்குப் புகட்டிவிட்டு, குழாயைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் இருக்கும் சுவரை மேலிருந்து கீழே வரை பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

"கரண்ட் இல்லையே! மோட்டார் ஓடாம ஏழாவது மாடிக்குத் தண்ணி எப்படி ஏறும்? அத்தான், இங்க பாருங்க, பயங்கரமா இடிக்குதே!"

மைத்துனர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது மரியாதையா? அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் மறுபடி திரைக்கு வந்தபோது, ஒரு ஆடு மேலாளரின் கோப்பைத் தின்றுகொண்டிருந்தது. அரங்கில் சிலர் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், ஆட்டுக்கு அல்ல.

"என்னம்மா, இன்னும் வரலையா நீ?" என்றார் அப்பா.

"வந்துட்டுப் போயிட்டேன்பா" என்றாள் அக்கா.

படம் முடிந்து படியிறங்கும்போது இன்னொரு உண்மையைக் கண்டேன். இந்த வியாதி தொற்றும்.

"மேல டேங்க்ல தண்ணி இருக்கும்ல மாப்ளே?" என்றார் அப்பா.

"டேங்க்ல ஏத்தினது யாரு?"

"காலையில கரண்ட் இருந்துச்சே. அப்ப ஏத்தியிருப்பாங்க."

"அத்தனை பேர் வேலை செய்யுற ஆபீஸ் அத்தான்! காலையில ஏத்தின தண்ணி சாயங்காலம் வரைக்குமா நிக்கும்?"

"அது டேங்க்கோட அளவைப் பொறுத்தது" என்று அப்பா கைகளை விரித்து அளவு காட்டினார். படியில் வந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அப்பா, என்ன முடிவு பண்ணீங்க?" என்றாள் அக்கா.

"இரும்மா, இந்த டேங்க் விஷயம் ஒண்ணு."

அக்காவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். படத்தில் பூசியிருந்த சேறு இல்லாமலேயே வேறு யாரோ போல இருந்தாள். அடுத்த படியில் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எங்களை விட்டு வேகமாகக் கீழே இறங்கினாள். வெளியே போகும் வழியில் குடிதண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருந்தன. ஓரத்துக் குழாய்க்கு முன்னால் போய் நின்றாள். துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். குழாயைத் திருகினாள். தண்ணீர் விழுந்த சத்தத்துக்கு ஒரு அடி பின்னால் போனாள். சுவரை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"இந்தச் சுவத்துக்குள்ள யாரு ஆத்தைப் பிடிச்சு அடைச்சு வெச்சது?"

கத்தவில்லை. ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது. அதில் பயம் இருந்தது, கோபம் இருந்தது, ஓர் ஆற்றை நேரில் பார்த்து வளர்ந்தவளின் வருத்தம் இருந்தது. பேசிக்கொண்டே வந்த கூட்டம் நின்றது. பக்கத்துக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்த பெண் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, குழாயைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

அப்பாவின் கைகள் டேங்க் அளவிலேயே விரிந்தபடி நின்றன. மெதுவாக அவை கீழே வந்தன.

முதலில் வாய் திறந்தது மாமாதான். "அட, பிரமாதமா இருக்கே! எந்தப் படத்துல வருது இது?"

அப்பா அவரைப் பார்த்தார்.  பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த படத்துல இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசும்மா. இந்த ஆளு என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாலும் எனக்குக் கேக்கணும்."

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்த பிறகு எனக்கும் புரிந்தது. அக்கா குழாயை மூட மறந்து நின்றாள். மாமா மட்டும் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"அத்தான், போகலாமா வேண்டாமான்னு நீங்க இன்னும் முடிவே சொல்லலை. அதுக்குள்ள அடுத்த படம்னா எப்படி? இடிக்குதே!"

மாமாவின் கதை இவ்வளவுதான். சிரித்தீர்களா? நல்லது. ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்ததே, அதை நான் கவனிக்காமல் இல்லை. 'படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே, மறுநாள் மாமாவை விட்டுவிட்டு இன்னொரு முறை போயிருக்கலாமே? சேறு பூசியிருந்தாலும் பெற்ற அப்பாவுக்கு மகள் முகம் தெரியாதா? அக்கா அந்த வசனத்தை வீட்டிலேயே முன்பே சொல்லிக் காட்டியிருக்கலாமே?' என்று ஏதோ ஒன்று உங்களுக்கு உறுத்துகிறது, இல்லையா? பக்கத்தில் இருப்பவர் பக்கம் லேசாகச் சாய்ந்துகூட விட்டீர்கள்.

கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்று. நீங்கள் இந்தக் கேள்விகளில் மூழ்கியிருந்தபோது அக்கா பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உங்களைப் பார்த்துத்தான் ஏதோ சொன்னாள்.

கேட்டதா?