ரவுண்டபவுட்டில் ஜமேக்கா அண்ணன்

ஈப்போ வட்டாரத்தில் எல்லாரும் ரவுண்டபவுட்டில் நுழைந்து வெளியேறுவார்கள். அதில் குடியிருந்தவர் ஒருவர்தான். அவர் ஜமேக்கா அண்ணன்.

எங்கள் பெக்டரி பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். செமோர் பக்கத்துத் தோட்டத்து வீடுகளிலிருந்து எங்களை ஏற்றி, தஞ்சோங் ரம்புத்தான் வழியாகக் கையுறைத் தொழிற்சாலையில் இறக்குவார். பத்திரிகை வேலைக்கு வருமுன் நான் அங்கே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஜமேக்கா எங்கே இருக்கிறது என்று கேட்டால் பக்கத்து ஊரான லகாட் இருக்கும் திசையில் கையைக் காட்டுவார். மேற்கு என்ற அளவில் அது தவறில்லை.

இளமையில் பங்கோர் தீவுக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவியபோது அங்கே நாள் முழுக்க ஜமேக்காவின் ரெகே பாட்டு ஓடியதாம். வேலையை விட்டார், பாட்டை விடவில்லை. பஸ்ஸில் வேறெதுவும் ஒலிக்காது. முன் கண்ணாடியில் முருகன், பக்கத்தில் கிரீடம் வைத்த ஜமேக்கா சிங்கம். வெள்ளிக்கிழமைகளில் எங்களில் மூத்தவரான லெட்சுமி அக்கா பாரபட்சமில்லாமல் இரண்டுக்கும் பொட்டு வைப்பார்.

பாட்டுக்குப் பொருளையும் அண்ணனே சொல்வார். அந்த ஆங்கிலம் எங்களில் யாருக்கும் பிடிபடாததால் மறுக்க ஆளில்லை. பாடகர் கோபமாகப் பாடினால் அது தோட்டத்தில் பேர் போட்டு வேலை வாங்கும் கிராணியை ஏசும் பாட்டு. உருகிப் பாடினால் கிராணியின் மகளை நினைத்துப் பாடியது. டான்ஸ்ஹால் என்கிற வேகப் பாட்டு வந்து, பாடகர் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினால், கிராணி விரட்டுகிறான், இவன் ஓடிக்கொண்டே பாடுகிறான் என்பார். ஜமேக்காவில் அத்தனை கிராணிகளா என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லா ஊர்லயும் இருந்தான் லா. அவங்க பாட்டுல ஏசுனாங்க. நாம வீட்டுக்குள்ள ஏசுனோம்" என்றார்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் 'ரீவைண்ட்' வடிவில் வந்தது. ஜமேக்காவில் ஆடும் கூட்டத்துக்கு ஒரு பாட்டு பிடித்துப்போனால் சுவரைப் படபடவென்று தட்டுவார்களாம். பாட்டுப் போடுகிறவர் அதை அப்படியே நிறுத்தி, முதலிலிருந்து போட வேண்டும். போடாவிட்டால் கூட்டத்துக்கு அவமரியாதை. அண்ணன் இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டினால் பாட்டு முதலிலிருந்து வரும். ரவுண்டபவுட்டில் தட்டினால் ரவுண்டபவுட்டும் முதலிலிருந்து வரும். பாட்டு திரும்பிப் போகும்போது வண்டி மட்டும் முன்னே போவது எந்த ஊர் நியாயம் என்பது அவர் கட்சி.

தட்டினோம். சுற்றினோம். தொழிற்சாலையில் மணி அடித்தது. தாமதமானால் வருகை அட்டையில் நேரம் சிவப்பில் விழும். சிவப்பு பெருகப் பெருக மேலிடம் விழித்துக்கொண்டது. மனிதவளப் பிரிவின் மிஸ் சாந்தி ஒருநாள் காலை பஸ்ஸில் கூடவே வருவார், அன்றும் தாமதமானால் ஓட்டுநருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முதல் நாள் லெட்சுமி அக்கா எங்களைக் கூட்டி எச்சரித்தார். "நாளைக்கு எவ கையாச்சும் தகரத்துல பட்டுச்சு, அப்புறம் நான் தட்டுவேன். தகரத்த இல்ல."

பாட்டே வேண்டாம் என்று அண்ணனிடமும் கெஞ்சிப் பார்த்தார். பாட்டில்லாமல் எந்த இடத்தில் கியர் மாற்றுவது என்று அண்ணன் கேட்டார்.

மறுநாள் மிஸ் சாந்தி முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார். நாங்கள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பரீட்சை மண்டபம்போல உட்கார்ந்திருந்தோம். தஞ்சோங் ரம்புத்தான் தாண்டியபோதும் நேரம் மிச்சமிருந்தது. ரவுண்டபவுட்டில் நுழையும்போது அண்ணனின் உயிர்ப் பாட்டு ஆரம்பித்தது. அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. சோறு போட்டவர்களே இலையை எடுத்துவிட்டதுபோல் அவர் முகம் ஆகிவிட்டது.

அந்தப் பழைய வண்டி வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். எங்களுக்குப் பழக்கம். மிஸ் சாந்திக்கு இல்லை. வண்டி கவிழப்போகிறது என்று பயந்து, நிறுத்தச் சொல்லிக் கத்தியபடி பக்கத் தகரத்தைப் படபடவென்று தட்டினார்.

கத்தியது பாட்டில் அமுங்கிப்போனது. தட்டியது மட்டும் கேட்டது. அண்ணன் முகம் மலர்ந்தது. பாட்டு முதலிலிருந்து வந்தது. ரவுண்டபவுட்டும் வந்தது. மிஸ் சாந்தி இரண்டு கையாலும் தட்டினார். அண்ணனுக்கு அப்படியொரு வரவேற்பு வாழ்நாளில் கிடைத்ததில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னேறிய லெட்சுமி அக்கா பென்டிரைவைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டிருந்தோம்.

வண்டி ஓரமாக நின்றது. அண்ணன் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மிஸ் சாந்தியைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்:

"மிஸ்ஸுக்கு இவ்ளோ பாட்டு ஞானம் இருக்கும்னு நெனைக்கல லா."

மாதக் கடைசியோடு அண்ணனுக்கு வேலை போனது.

கடைசி நாள் காலையில் பஸ்ஸில் பாட்டு இல்லை. இன்றைக்காவது உங்களுக்குச் சிவப்பு விழக்கூடாது என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டியை எடுத்தார். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. ரவுண்டபவுட் வந்தது. வெளியேறும் பாதைக்கு அவர் சிக்னல் போட்டார்.

முதலில் தட்டியது லெட்சுமி அக்கா. பிறகு மொத்த பஸ்ஸும்.

"பாட்டே போடலையே லா" என்றார் அண்ணன்.

"அப்ப போடுங்கண்ணே" என்றார் அக்கா.

எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை. அன்று எல்லாருடைய அட்டையிலும் சிவப்பு.