வெங்காயத் தோல் கோட்டு

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மலையாவது ஏறிவிடுவது என்று மோட்டார்க்காரர் முடிவு செய்துவிட்டார். அவர் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். மனைவி மாற்றுகிற வரைக்கும் மாறாது.

பழைய மோட்டார்களை வாங்கி, கழற்றி, கம்பி மாற்றி விற்பது அவர் தொழில். படித்தது கொஞ்சம், அடிபட்டது நிறைய. முதல் மோட்டாரை வாங்கியபோதே ஒருவன் வகையாகத் தலையில் கட்டிவிட்டான். அன்றோடு சொன்ன விலைக்கு எதையும் வாங்குவதில்லை என்று சபதம். டாக்டர் மூன்று ஊசி என்றால்கூட ஒன்றரையில் முடிக்கப் பார்ப்பார்.

மனைவியின் தம்பி, ஆட்களைக் கயிறு கட்டிப் பாறை மலை ஏற்றுகிறவன். அவன்தான் ஆசையைக் கிளப்பிவிட்டான்.

"மாமா, ஜீப்புல ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வர்றதுன்னா நல்ல மழைக்கோட்டோட வாங்க. கனமில்லாம, தண்ணி புகாம, மடிச்சா பைக்குள்ள அடங்குற மாதிரி. மேல நனைஞ்சா விறைச்சுப் போயிடுவீங்க. கோட்டு இல்லாதவங்கள அடிவாரத்துலயே இறக்கி விட்டுருவேன், அது நீங்களா இருந்தாலும் சரி."

அந்த ஒரே இடத்துக்கு மோட்டார்க்காரர் அப்போதே துண்டு போட்டுவிட்டார்.

"நானும் வரட்டுமாங்க?" என்றாள் மனைவி. அவள் வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவள். லிஃப்ட் ஓடாத அடுக்குமாடி எல்லாம் அவள் பங்குக்குத்தான் வரும்.

"நீ எதுக்கு? மலைன்னா என்னன்னு நெனச்சே? மூச்சு வாங்கும்!"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே வாங்கியது. அப்போதுதான் சோபாவிலிருந்து எழுந்திருந்தார்.

"சரி, நீங்களே போயிட்டு வாங்க. கோட்டு வாங்கறப்ப மட்டும் நானும் கூட வரேன். நீங்க பேரம் பேசுறதப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

மோட்டார்க்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

போகிற வழியில் பாடம் நடத்தினார். "இதோ பார், கடையில நீ வாயத் தொறக்கக் கூடாது. எனக்குப் பிடிச்சத நான் திட்டுவேன். பிடிக்காதத தூக்கி வெச்சுப் பேசுவேன். நீ தலைய மட்டும் ஆட்டு. கடைசில கோவிச்சுக்கிட்டு வெளிய போயிடுவேன். சார் சார்னு பின்னாலயே ஓடி வருவாங்க. அப்ப அடிக்கணும் பாதி விலைக்கு."

"உங்களுக்கு எது பிடிச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எதை ரொம்பத் திட்டறேனோ, அதான்!"

"ஓஹோ," என்றாள் மனைவி.

கடையில் திரும்பின பக்கமெல்லாம் கயிறும் கொக்கியும் தொங்கின. பல் வைத்த பூட்ஸுகள் வரிசையாக இளித்தன. விற்கிற பெண் ஒரு சின்ன உறையை எடுத்தாள். மாம்பழ அளவுகூட இல்லை. பிரித்து ஒரு உதறு உதறினாள். முழுக் கோட்டு வந்து நின்றது. தன் பைக்குள் தன்னையே மடித்துப் போட்டுக்கொள்கிற கோட்டு! மேலே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினாள். முத்து முத்தாக உருண்டு ஓடியது.

மோட்டார்க்காரரின் நெஞ்சு மின்சாரம் கொடுத்த மோட்டார் மாதிரி ஓட ஆரம்பித்தது. முகத்தை மட்டும் வேப்பெண்ணெய் குடித்தவர் போல வைத்துக்கொண்டார்.

"தண்ணி எப்பவும் தையல் வழியாத்தான் சார் புகும். இதுல எல்லாத் தையலுக்கும் உள்பக்கமா டேப் ஒட்டியிருக்கு. ஏறும்போது வேர்த்தா அக்குள் ஜிப்பத் தொறந்துக்கலாம். தொப்பி ஹெல்மெட் மேலயே வரும். கடைசிப் பீஸ் சார்."

"கடைசிப் பீஸா? ஒருத்தனும் சீந்தலைன்னு சொல்லு!"

"மத்ததெல்லாம் வித்துப்போச்சு சார்."

"இது கோட்டா, வெங்காயத் தோலா? பாத்தாலே கண்ணுல தண்ணி வருது."

"கண்ணுல வரலாம் சார். கோட்டுக்குள்ள வராது."

"அக்குள்ல ஓட்டை வேற! கிழிச்சுட்டு ஜிப் போட்டா சரியாப் போச்சா? இந்தத் தொப்பி யாருக்கு, பூசணிக்காய்க்கா?"

மனைவி பக்தியோடு தலையாட்டினாள்.

மோட்டார்க்காரர் மூலைக்குப் பாய்ந்தார். அங்கே ஒரு ரப்பர் கோட்டு தொங்கியது. லாரி டயரை உரித்துத் தைத்தது போல இருந்தது, வாசனையும் அப்படித்தான். "இதப் பாரு! இதான் கோட்டு! மழையே பயந்து வேற ஊருக்கு ஓடிடும்!"

"அது சாக்கடை தோண்டறவங்க போடறது சார். மலைக்கு ஆகாது."

"எனக்கு ஆகும்! பாதி விலைன்னா, போனாப் போகுதுன்னு அந்த வெங்காயத் தோலையும் எடுத்துக்கறேன்."

"இங்க ஒரே விலைதான் சார்."

"அப்ப அந்தக் குப்பை எனக்கு வேணாம்! வேணவே வேணாம்!"

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. முதல் அடி வேகமாக இருக்க வேண்டும். அடுத்தது மெதுவாக. அதற்கடுத்து செருப்பில் கல் மாட்ட வேண்டும். எல்லாம் செய்தார். கால்கள் தெருவில், காது கடையில். ஒருவரும் கூப்பிடவில்லை. பக்கத்துக் கடைக் கண்ணாடியை உற்றுப் பார்ப்பது போல நின்றார். அது குழந்தைத் தொட்டில் கடை.

தொட்டில்காரர் ஆவலாக வெளியே வந்தார். "வீட்ல எத்தனை மாசம் சார்?"

மோட்டார்க்காரர் பதில் சொல்வதற்குள் மனைவி பையோடு வந்துவிட்டாள். விற்கிற பெண் வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்திருந்தாள்.

"ஏங்க, முடிச்சுட்டேன்!"

"எவ்வளவு குறைச்சே?"

"உங்க கோட்டுக்கு நல்லாக் குறைச்சுக் குடுத்தாங்க. யாரும் தொடவே இல்லையாம்." பையிலிருந்து ரப்பர் கோட்டை எடுத்துத் தோளில் போட்டாள். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"அது எங்கே?"

"எது?"

"அந்த... வெங்காயத் தோல்."

"அதுவா? அத எனக்கு எடுத்துக்கிட்டேன், என் சம்பளத்துல, சொன்ன விலைக்கே." உள்ளங்கையை விரித்தாள். உறைக்குள் சுருண்டு சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், அது என்னுது! ரொம்பத் திட்டறதுதான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க. கேக்கலை."

வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள். பக்கத்தில் தொட்டில்காரர். கையில் வந்து சேராத சரக்கை மோட்டார்க்காரர் பிறந்ததிலிருந்து பாராட்டியதில்லை. மலையை நினைத்துக்கொண்டார்.

"நல்ல கோட்டுன்னேன்."

"என்னது?"

"நல்ல கோட்டுடி! கனமே இல்ல! தையலுக்கெல்லாம் டேப்பு! ஹெல்மெட் மேலயே தொப்பி வரும்! இது மாதிரி ஒண்ணு உலகத்துலயே கிடையாது!"

தெருவே திரும்பிப் பார்த்தது. போய்க்கொண்டிருந்த ரெண்டு பேர் கடைக்குள் நுழைந்து, "அவர் சொல்ற கோட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டார்கள். விற்கிற பெண் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அவ்வளவு நல்லதா!" என்றாள் மனைவி. "நல்ல வேளை சொன்னீங்க. இத நம்பி மலைக்குப் போகலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"மலைக்கா? இடம் என்னுது!"

"கோட்டு இருக்கறவங்களுக்குத்தான் இடம்னு தம்பி சொல்லியிருக்கான். உங்ககிட்டயும்தான் ஒண்ணு இருக்கே. அவனையே கேப்போம்." அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரைத் திறந்தாள். "தம்பி, உங்க மாமா ரப்பர் கோட்டு வாங்கியிருக்கார்."

"ரப்பரா? ஐயோ மாமா, அதோட உங்கள இழுக்கணும்னா கயிறு பத்தாது, கிரேன் வேணும். அக்காவ அனுப்பி வைங்க!"

மோட்டார்க்காரரிடம் இன்னும் ஒரே ஒரு வித்தைதான் மிச்சம். "அப்ப நான் போறேன்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். முதல் அடி வேகமாக, அடுத்தது மெதுவாக. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். மனைவி எதிர்ப் பக்கம் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஜீப்பு புறப்பட்ட அன்று பட்டறைப் பக்கம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. கூரைத் தகரம் நாலு இடத்தில் ஒழுகியது. மோட்டார்க்காரர் ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீரை வெளியே கொட்டினார். மழை கோட்டுக்குள் புகவில்லைதான். ஆனால் உள்ளே அவருடைய வேர்வையே தனியாக ஒரு மழை பெய்தது.

போன் அடித்தது.

"ஏங்க! உச்சிக்கு வந்துட்டேன்! எல்லாருக்கும் முன்னால நான்தான்!"

மோட்டார்க்காரர் வாளியை ணங்கென்று கீழே வைத்தார். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கோட்டு எப்படி? தண்ணி புகலையே?"

"தெரியலைங்க. இங்க சுள்ளுன்னு வெயில் அடிக்குது. அத இன்னும் பைய விட்டு வெளியவே எடுக்கலை."