சில்லென்ற ஒயினும் என் நீண்ட பாடமும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், நீ முதலில் விசாரிக்கப்போகும் பீப்பாயும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

ஒயின் தயாரிப்புப் பயிற்சிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாயே, "அப்பா, ஓட்டல்காரர் வர்றப்போ கொஞ்ச நேரம் பேசாம இருப்பீங்களா?" என்று. காலமெல்லாம் பாடம் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் தலையாட்டினேன். வேலையை விட்டுவிட்டு நீ செய்த இந்த ஒரு பீப்பாய் ஒயின் விலைபோகாவிட்டால் நீ மறுபடியும் அந்தக் கணக்கு அலுவலகத்து நாற்காலிக்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

ஓட்டல்காரர் வந்தார். உபசாரத்தில் உன் அம்மா குறை வைப்பவளா? வெள்ளை ஒயின் என்றால் பல் கூசவேண்டும் என்று பாட்டிலை ஃப்ரீசரில் திணித்து வைத்திருந்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். "தப்பா நினைக்காதீங்க சார். சில்லுன்னு இருக்கு, அவ்ளோதான். மரப்பீப்பாய்ல வெச்சதுன்னாங்க, ஒண்ணும் தெரியலையே" என்று பையைக் கையில் எடுத்தார். நான் அன்று ஆட்டியது தலையைத்தானே, வாயை அல்லவே? கிளாசும் கையுமாக அவரை ஷெட்டுக்கு இழுத்துப்போய், ஓக் மரப்பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவதில்தான் அந்த வெனிலா வாசனை பிறக்கிறது, அதற்காக ஒயினை அதில் அளவுக்கு மீறி வைத்தால் கண்டிப்பான தலைமையாசிரியரிடம் மாட்டிய வகுப்பு மாதிரி பிள்ளைகள் குரல் போய் அவர் குரல் மட்டும்தான் கேட்கும், திராட்சை போய் மரக்கட்டைதான் மிஞ்சும், அப்புறம் சாற்றைப் புளிக்கவைத்துவிட்டு வேலை முடிந்து அடியில் படுத்திருக்கிறதே ஈஸ்ட், அதை அவ்வப்போது கிளறிவிட்டால்தான் வழவழப்பு வரும், ஓய்வுபெற்றவர்களாலும் பயனுண்டு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கிளாசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பொத்திக்கொண்டு தண்டனை வாங்கிய மாணவன்போல நின்றார்.

"அவரை விடுங்க, பாவம்! அவருக்கும் குடும்பம் இருக்கும்!" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

தப்பிக்க வேறு வழியில்லாமல் அவர் இன்னொரு வாய் குடித்தார். கிளாசை உயர்த்திப் பார்த்தார்.

"பாட்டிலை மாத்திட்டீங்களா சார்?"

"அதே கிளாஸ்தான்யா, உங்க கையிலேயேதானே இருந்துச்சு!"

"வெண்ணெய் மாதிரி நாக்குல நிக்குதே! வறுத்த பாதாம் வாசனை வேற வருதே!"

சில்லிப்பில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த மணம், என் பேச்சின் சூட்டில் எழுந்து உட்கார்ந்துவிட்டதம்மா! முழுப் பீப்பாயையும் எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்தே போட்டுவிட்டார். ஆக, உன்னைக் காப்பாற்றியது என் வாய். இனி எவர் வாங்க வந்தாலும் முதலில் என் பாடம், பிறகுதான் கிளாஸ்.

வேளைக்குச் சாப்பிடு. உன் ஆசிரியர் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள். எல்லா நலமும் உனக்குச் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் உன் அம்மா ஒரு சோதனை செய்துவிட்டாள். அதே பாட்டிலை மறுபடி சில்லிட வைத்து, ஒரு கிளாஸ் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு, என்னைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்து குடித்தால் அதே வெண்ணெய், அதே பாதாம். நடுவில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. உனக்கும் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காதே; கிளாசில் ஊற்றி, சில்லிப்பு இறங்கும்படி கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டுக் குடித்துப் பார்.