வீட்டுக்குப் பின்னால் ஒழுகும் பைப்

கோத்தகிரி,
12.11.1994

அன்பு மச்சான் வேலுசாமி அவர்களுக்கு லிங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் சளியைத் தவிர மற்றபடி சுகம். மேட்டுப்பாளையத்தில் தாங்களும் அக்காவும் பாக்குத் தோட்டமும் சுகமாக இருக்க வேண்டும்.

தங்கள் தங்கை மருதாம்பாள் 14-ஆம் தேதி திங்கட்கிழமை கொழுந்து பறிக்கத் திரும்பாவிட்டால் எஸ்டேட் பதிவிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள், வேணியோ இரண்டரை வயதாகியும் நின்ற இடத்திலேயே நனைக்கிறாள், பழகாத பிள்ளையை கிரெஷ்ஷில் சேர்க்க மாட்டேன் என்கிறாள் ஆயா காளியம்மாள், நீங்களே வந்து குழந்தையைக் கூட்டிப் போங்கள் என்று போன வாரம் அழாத குறையாக எழுதியிருந்தேன் அல்லவா. இனி வர வேண்டாம். பிள்ளை பழகிவிட்டாள்.

எனக்கு ஃபாக்டரியில் சாயங்கால ஷிஃப்ட், அதனால் பகலில் பழக்குவது என் பொறுப்பு. ஊட்டியில் வாங்கிய மஞ்சள் வாத்து வடிவ மூச்சாச் சட்டியில் உட்கார வைத்து, எல்லாரையும் போல நானும் 'ஸ்ஸ்ஸ்' சொன்னேன். உதடு காய்ந்ததுதான் மிச்சம். மகாராணி எழுந்து போய் என் செருப்புக்கு அபிஷேகம் செய்தாள். இந்தத் திங்களன்று பகல் பதினொரு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்கு மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டது. "மூச்சா போ சாமி, அப்பனைக் கொல்லாதே" என்று கெஞ்சிக் களைத்து வாயை மூடினேன். அப்போது கீழே தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து மெதுவாக 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்டது. வேணி உடனே சட்டியில் போனாள். அவள் முடித்ததும் அதுவும் நின்றது.

எஸ்டேட் பைப்தான் ஒழுகுகிறது, வேறென்ன? செவ்வாயன்று சத்தம் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் வந்தது, வியாழனன்று ஜன்னலுக்கு அடியில். ஒழுகல் என்றால் பைப்போடு நகரத்தானே செய்யும்? வேணி ஜன்னலுக்கு வெளியே பாதி பிஸ்கட்டை நீட்டுகிறாள், கை வெறுமையாகத் திரும்புகிறது. காக்காயாக இருக்கும். பக்கத்து வீட்டு ராக்கம்மா மட்டும், "ஏனுங்க, பைப்பு சிரிக்குமுங்களா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காற்று அடைத்தால் எந்தப் பைப்பும் அப்படித்தான் சத்தம் போடும். நேற்று கிரெஷ்ஷில் விட்டுப் பார்த்தோம். அரை மைல் தள்ளி அங்கேயும் சத்தம் வந்ததாம், பிள்ளையும் சமர்த்தாகச் சட்டியில் போனாளாம். காளியம்மாள் சேர்த்துக்கொண்டாள், ஏனோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமலே பேசினாள். பைப்பைத் தயவுசெய்து யாரும் சரிசெய்துவிட வேண்டாம் என்று ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் மருமகளை அங்கிருந்தே ஆசீர்வதித்தால் போதும்.

இப்படிக்கு,
லிங்கசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் எஸ்டேட் பைப் ஃபிட்டர் லோயிஸ் என் மனுவோடு வந்தாருங்க. "அண்ணா, உங்க ஊட்டுக்குப் பின்னாடி பைப்பே போடலீங்களே, கிரெஷ் பக்கமும் இல்லீங்க"ன்னுட்டுப் போயிட்டார். இப்ப சத்தம் என் நாற்காலிக்குப் பின்னாடி கேக்குது. நான் திரும்பலை. வேணி வாத்துச் சட்டியைத் தூக்கியாந்து என் முன்னாடி வெச்சு, "அப்பா, உனக்குத்தான் சொல்லுது, உக்காரு"ங்கறா. மச்சான், முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துருங்க. என் வேட்டி நனைஞ்சு போச்சு.